ஏழாம் பக்கத்தில் ஒரு டிக்

"இந்தப் பசங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார் திருமேனிநாதன்.

அவர் இயற்பியல் துறைத்தலைவர். வயது ஐம்பத்தாறு. அவர் நுழைந்தது கௌரவ விரிவுரையாளர்களின் அறை. முன்பு அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போதும் பாதி அறை அப்படித்தான் இருக்கிறது. நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு அது போதும் என்று கல்லூரி நினைத்திருக்க வேண்டும்.

சகாயமேரி எழுந்து நின்றாள். முப்பது வயது. போன ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவள்.

"மூணாம் வருஷத்துல நாற்பத்திரெண்டு பேரு. அசைன்மென்ட் குடுத்து, கெடு முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சும்மா. எத்தனை பேர் கொண்டுவந்து குடுத்தான் தெரியுமா? பதினொண்ணு!"

"உட்காருங்க சார்."

"நான் உட்கார வரல. அதே நாற்பத்திரெண்டு பேரும் உங்களுக்கு மட்டும் சொன்ன தேதிக்குக் குடுத்துடுறாங்களாமே. விசாரிச்சுட்டேன். என்ன மந்திரம் போடுறீங்க?"

"மந்திரமெல்லாம் இல்ல சார்."

"அப்ப நான்தான் இளிச்சவாயனா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"அந்தப் பேச்சிமுத்துவை எடுத்துக்குங்க. ஏன்டா எழுதலன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். வாயில கொழுக்கட்டை. புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள இன்டர்னல் மார்க் அனுப்பணும். அவனுக்கு முட்டைதான். பேப்பர் போகும். டிகிரி போகும். போகட்டும்!"

"அவன் எனக்குக் குடுத்துட்டானே சார்."

அது அவரை இன்னும் சூடாக்கியது. அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பீரோ மேலே தூசி இருந்தது, வேறு எதுவும் இல்லை.

"பசங்க குடுத்த பேப்பர் கட்டெல்லாம் எங்கம்மா?"

"பசங்ககிட்டயே இருக்கு சார்."

"ஆய்வுக் குழு வந்தா எதைக் காட்டுவீங்க?"

அவள் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"சார், பசங்க ஏன் நேரத்துக்குக் குடுக்கிறதில்லன்னு எனக்கு எழுதித் தர்றீங்களா?"

"என்னது?"

"பத்துப் பக்கம். ஏ-ஃபோர் தாள்ல, ஒரு பக்கம் மட்டும். மார்ஜின் போட்டு, கறுப்பு மையில. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள."

இவை அவருடைய விதிகள். துறை முழுக்கப் பிரசித்தம். ஒரு பக்கம் குறைந்தால் மார்க் குறையும். மார்ஜின் இல்லையென்றால் தாள் திரும்பி வரும்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். கேலி தெரியவில்லை.

"எழுதுறேன்" என்றார். "நல்லாவே எழுதுறேன். நீங்களும் தெரிஞ்சுக்குங்க."

முப்பது வருஷத்தில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டார்.

எழுதினார். செல்போனைத் திட்டினார். பெற்றோரைத் திட்டினார். கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தாமல் போகிற டிரைவர்களைக் கூட விடவில்லை. ஆறு பக்கம் கோபத்திலேயே ஓடிவிட்டது.

ஏழாம் பக்கத்தில் கை தானாக மெதுவானது.

'எனக்கு இப்போதெல்லாம் வகுப்புக்குப் போகவே பயமாக இருக்கிறது. நான் பேசுவதை யாரும் கேட்பதில்லை. மூன்று வருஷமாக எனக்கு இது தெரியும்' என்று எழுதினார்.

இதை அவர் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை. அந்த வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தார். அடிக்கவில்லை.

புதன்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய் நின்றார்.

சகாயமேரி தாள்களை வாங்கினாள். ஓரத்தைப் புரட்டி எண்ணினாள். பத்து. மார்ஜின் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

முதல் பக்கத்தில் ஒரு டிக். இரண்டாம் பக்கத்தில் ஒரு டிக். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் பக்கத்திலும் ஒரு டிக்.

கடைசியில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சணல் கயிற்றால் கட்டினாள். பீரோ மேலே தூக்கிப் போட்டாள். தூசி பறந்தது.

ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

"அவ்வளவுதானா?" என்றார் திருமேனிநாதன்.

"அவ்வளவுதான் சார்."

"படிக்கல?"

"பத்துப் பக்கம் இருக்கு சார். மார்ஜின் இருக்கு."

"ஏழாம் பக்கத்தையாவது..." அடுத்த கணமே குரல் கத்தலாக மாறியது. "மனுஷன் எழுதினதும்மா அது! கடலை மடிக்கிற காகிதமா? ரெண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கேன். என் வயசென்ன, சர்வீஸ் என்ன! ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சிருக்கக் கூடாதா? என்ன திமிர் இது? யார்கிட்ட கத்துக்கிட்டீங்க இதை?"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

சகாயமேரி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இந்த காலேஜ்லதான் படிச்சேன் சார். உங்க கிளாஸ்ல. மூணு வருஷம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உற்றுப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அவள் பேனாவை மூடினாள்.

"உங்ககிட்டதான் சார் கத்துக்கிட்டேன்."

திருமேனிநாதன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

தன் அறைக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். தன் பீரோ மேல் கிடந்த, போன செமஸ்டர் பேப்பர் கட்டை இறக்கினார். காட்டுகிறேன், இவளுக்குக் காட்டுகிறேன் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பேச்சிமுத்து என்ன கிழித்திருக்கிறான் என்று பார்த்து, அதை அப்படியே கொண்டுபோய் அவள் மேஜையில் போட வேண்டும்.

முடிச்சு இறுகிப் போயிருந்தது. அக்டோபரில் போட்ட முடிச்சு. பிளேடால் அறுத்தார்.

பேச்சிமுத்துவின் தாள்கள் நடுவில் இருந்தன. வெப்பவியலில் வரும் என்ட்ரோப்பி பற்றிய அசைன்மென்ட். பத்துப் பக்கம் இருந்தது. மார்ஜினும் இருந்தது.

படித்தார்.

மூன்று பக்கம் வரை கணக்கு ஒழுங்காகப் போயிருந்தது. நான்காம் பக்கத்தில் கணக்கு நின்று, பையனின் எழுத்து வேறு எதையோ சொல்லத் தொடங்கியிருந்தது.

'ஐயா, இதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. நண்பனைப் பார்த்து எழுதினால் எழுதிவிடலாம். புரியாமல் எழுத மனசு வரவில்லை. ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் மீதியை நானே எழுதித் தந்துவிடுவேன்.'

அதன் குறுக்கே சிவப்பில் ஒரு டிக்.

ஐந்தாம் பக்கம் முதல் பத்தாம் பக்கம் வரை மார்ஜின் மட்டும் போட்டிருந்தது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. ஒவ்வொரு வெற்றுப் பக்கத்திலும் ஒரு டிக். கடைசிப் பக்கத்தில் 'நன்று', கீழே அவருடைய கையெழுத்து.

திருமேனிநாதன் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்த செமஸ்டர் அசைன்மென்ட் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என்ட்ரோப்பி புரியாதவனால் அதில் ஒரு வரி எழுத முடியாது.

மணி ஒன்றரை. பியூனைக் கூப்பிட்டுப் பேச்சிமுத்துவை வரச் சொன்னார்.

பையன் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். வழக்கம்போலத் தலையைக் குனிந்திருந்தான்.

"கூப்பிட்டீங்களாம்யா."

அவர் நான்காம் பக்கத்தை நீட்டினார். "இது நீ எழுதினதா?"

பையன் பார்த்தான். டிக்கையும் பார்த்தான்.

"ஆமாய்யா."

"ஏன்டா, அப்புறம் ஒரு தடவை நேர்ல வந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்யா."

"எத்தனை நாள்?"

பேச்சிமுத்து கொஞ்சம் யோசித்தான்.

"பொங்கல் லீவு வரைக்கும்யா."

திருமேனிநாதன் எழுந்தார். மேஜை டிராயரைத் திறந்து சாக்பீஸைத் தேடினார். கிடைத்தது. சுவரில் இருந்த சின்னக் கரும்பலகையில், துறைக் கூட்டத்துக்காக எழுதி வைத்திருந்ததையெல்லாம் உள்ளங்கையாலேயே துடைத்தார்.

"உட்காரு" என்று தன் நாற்காலியைக் காட்டினார்.

பையன் அதன் நுனியில் உட்கார்ந்தான்.

அவர் என்ட்ரோப்பி என்று எழுதினார். ஒரு கோடு போட்டார். இன்னும் ஒரு கோடு போட்டார். பையன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஐயா, மார்க் அனுப்புற கெடு அஞ்சு மணியோட முடியுதுல்ல?"

"உன்னோடதுதான்டா அஞ்சு மணிக்கு" என்றார் அவர், திரும்பாமலே. "என்னோடது அக்டோபர்லயே முடிஞ்சு போச்சு."