ஒப்புக்கு நின்ற கயல்

மீன் வாயைத் திறந்தால் குமிழிக்குப் பதில் பேச்சு வந்த அந்தக் காலத்தில், பொருநைக் கரை ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைப் புகழ்ந்து பாட மாப்பிள்ளை வீட்டார் ஒரு புலவரை அழைத்து வருவார்கள். அவர் எதையெதை உவமை சொல்கிறாரோ, அதையெல்லாம் பந்தலுக்குக் கொண்டுவந்து பெண்ணின் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். பெண்ணின் தாய்மாமன் இதையும் பார்ப்பார், அதையும் பார்ப்பார். ஒத்துப்போனால் தாம்பூலம் மாறும். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் உயிர் போனது உவமைகளுக்குத்தான். முகூர்த்த மாதங்களில் பந்தலுக்குப் பின்னால் வரிசை நிற்கும்.

"ஒரே நாளில் நாலு கல்யாணம். குளம்பு தேய்ந்துவிட்டது" என்று மான் முனகும்.

"உனக்காவது நடைதான். நான் அங்கேயிருந்து இறங்கி வர வேண்டும்" என்று நிலா இருமும். பாதி உடம்புதான் மிச்சமிருக்கும் அதற்கு. மூங்கில் நின்றபடியே தூங்கும்.

எல்லோரையும்விட நொந்துபோனது கயல் மீன்தான். மற்றவர்களுக்குக் கால் வலி. கயலுக்கு மூச்சு. அது கண்ணுக்கு உவமை ஆயிற்றே, தாய்மாமன் பார்த்து முடிக்கும்வரை தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். போன தையில் அதன் அக்காள் ஒரு பந்தலுக்குப் போனாள். அந்தத் தாய்மாமன் ரொம்ப நிதானமானவர். அக்காள் திரும்பவில்லை.

ஆவணியில் சேந்தி என்ற பெண்ணைப் பேசி முடிக்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் புலவர் தும்பனார் குடத்தோடு ஆற்றுக்கு வந்தார்.

"கயலே, கொஞ்சம் ஏறிக்கொள்ளம்மா."

"ஐயா, வேறு எதையாவது சொல்லித் தொலையுங்களேன். மாவடு இருக்கிறது, நீலப்பூ இருக்கிறது. அவற்றுக்கு மூச்சு முட்டாது."

"பாடிவிட்டேனே. வாயில் வந்துவிட்டது."

"வருவது உங்கள் வாயில். போவது என் உயிர்" என்று சொல்லிக்கொண்டே கயல் குடத்துக்குள் நுழைந்தது. சண்டை போடவும் தெம்பில்லை.

பந்தலில் தாய்மாமன் சாத்தன் அதை வாலைப் பிடித்துத் தூக்கி, சேந்தியின் கண்ணருகே வைத்தார். கயல் இரண்டு முறை துடித்தது. பிறகு விறைத்து, வெறித்தபடி தொங்கியது.

"என்னய்யா இது?" என்ற சாத்தன், புலவரின் இழுவைக் குரலிலேயே ஆரம்பித்தார். "கண்ணே கயலாம்ம்ம், கயலே கண்ணாம்ம்ம்! இது செத்த பார்வை. எங்கள் பெண்ணுக்கு இப்படியா கண்?"

பந்தலே சிரித்தது.

"கொஞ்சம் பொறுங்கள், துள்ளும்" என்றார் தும்பனார்.

"துள்ளட்டும். எனக்கென்ன அவசரம்?"

கயலின் செவுள் ஒருமுறை திறந்தது. "துள்ளத்தான் பார்க்கிறேன் தாயே, தண்ணீர் இல்லையே" என்றது, சேந்திக்கு மட்டும் கேட்கும்படி.

சேந்தி மணையை விட்டு எழுந்தாள். தாம்பூலம் மாறுமுன் பெண் மணையை விட்டு எழுந்தால் சம்பந்தம் முறிந்தது என்று பொருள். "ஏய், உட்காரடி!" என்று மாமன் கத்துவதற்குள், கயலைப் பறித்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். பந்தலே பின்னால் ஓடியது.

தண்ணீரில் விட்டாள். கயல் மல்லாந்து மிதந்தது. பிறகு ஒரு புரளல். இடது, வலது, ஆழம், மறுபடி மேலே. பிழைத்ததா என்று குனிந்து தேடிய சேந்தியின் கண்களும் இடது, வலது, ஆழம், மறுபடி மேலே.

சாத்தன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஓய் புலவரே, நீர் சொன்னது இதைத்தானா?"

"இதைத்தான். உருவத்தை இல்லை, அந்த ஓட்டத்தை."

"அதை முன்னாலேயே சொல்வதற்கென்ன?"

"எனக்கே இப்போதுதானய்யா தெரிகிறது" என்று தும்பனார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாத்தன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெண் மணையை விட்டு எழுந்தது போகட்டும். தாம்பூலத் தட்டை இங்கேயே கொண்டுவாருங்கள். இனிமேல் எதையும் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். நீர் சொல்லும், நாங்கள் நினைத்துப் பார்த்துக்கொள்கிறோம்."

கயலும் அதைக் கேட்டது. ஆனால் நம்பவில்லை. நம்புவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. "நாளைக்கு இன்னொரு மாமன் வருவார்" என்று ஆழத்துக்குப் போய்விட்டது.

அன்று முதல்தான், புலவர் உவமை சொன்னால் பொருளைக் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எவ்வளவு அழகான முகம் ஆற்றின் மேல் குனிந்தாலும், கயல் மட்டும் விலகி ஓடிவிடுகிறது.