ஒட்டும் அறை, ஒட்டாத அறை

வெள்ளெலிப்பட்டி தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் பதினொரு பேர், ஆசிரியர்கள் மூன்று பேர். அறிவாளிகள் எத்தனை பேர் என்பதைப் போகப் போக நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

தலைமையாசிரியர் தணிகாசலம் காலையிலிருந்தே வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மதியம் அதிகாரியம்மா வருகிறார். பள்ளி சரியில்லை என்று எழுதினால் இழுத்து மூடிவிடுவார்கள். அப்புறம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் மச்சினன் வேதாசலத்துக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். கல்யாணப் பந்தியிலேயே, "மாமா, உங்களுக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டவன் அவன்.

கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு காந்தத் துண்டுகளும் ஒரு தாளும் வந்திருந்தன. "பள்ளியிலுள்ள பொருள்களைக் காந்தத்தில் ஒட்டுபவை, ஒட்டாதவை எனப் பிரித்து வைக்கவும்."

"அப்படின்னா எல்லாமேதான் சார்," என்றார் பொன்னுரங்கம் வாத்தியார்.

"ஒண்ணு விட்டாலும் மச்சினன் சிரிப்பான். எடுய்யா திருப்புளியை!"

பெஞ்சுக் கால்கள் இடதறைக்குப் போயின, பலகைகள் வலதறைக்கு. குடைக்கம்பி இங்கே, துணி அங்கே. சுத்தியலின் தலை இங்கே, பிடி அங்கே. அலுமினியச் சோற்றுக் குண்டான் ஒட்டவில்லை. "பளபளன்னு இருந்துக்கிட்டு என்னா திமிரு!" என்று ஜெயசீலி டீச்சர் அதை இரண்டு தட்டு தட்டி வலதறைக்குத் தள்ளினார்.

தணிகாசலத்தின் மூக்குக் கண்ணாடியும் தப்பவில்லை. கம்பி ஒட்டியது, சில்லு ஒட்டவில்லை. அதன்பிறகு அவர் பள்ளியைத் தடவித் தடவித்தான் நடத்தினார். முன்பும் அப்படியொன்றும் வித்தியாசமில்லை.

கடைசியில் காந்தங்கள் மட்டும் மிச்சம். ஒன்றை இன்னொன்றின் அருகே கொண்டுபோனார்கள். ஒரு முனை ஒட்டியது, மறு முனை விலகி ஓடியது.

"பாதி இந்த அறை, பாதி அந்த அறை," என்று தீர்ப்புச் சொன்னார் தணிகாசலம். சுத்தியல்தான் இரண்டு அறையில் கிடக்கிறதே, குழவிக்கல்லால் உடைத்தார்கள். ஒவ்வொரு பாதியிலும் ஒரு முனை ஒட்டியது, ஒரு முனை ஓடியது.

"எத்தனை துண்டாக்கினாலும் அப்படித்தான் சார். எங்க வீட்டு ஸ்பீக்கர் காந்தத்தை நான் உடைச்சுப் பார்த்திருக்கேன்," என்றாள் நான்காம் வகுப்பு தர்ஷினி.

"சும்மா இரு பாப்பா. உனக்கு அனுபவம் பத்தாது," என்றார் தணிகாசலம்.

அதிகாரியம்மா வந்தபோது துண்டுகள் அறுபத்து நாலு.

"உட்கார நாற்காலி இல்லையா?"

"இருக்கு மேடம். முதல்ல காலைக் கொண்டாரட்டுமா, முதுகைக் கொண்டாரட்டுமா?" என்றார் பொன்னுரங்கம்.

தணிகாசலத்துக்கு மச்சினனின் சிரிப்பு காதிலேயே கேட்டது. அதிகாரியம்மா குனிந்து ஒரு துண்டை எடுத்தார். இப்படி ஒட்டிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு பெரிய குழவியாலயா உடைப்பீங்க? சின்னது இல்லை?"

சாயங்காலம் வரை உடைத்துவிட்டு உத்தரவு எழுதினார்: "பிரிக்கும் வேலை முடியும்வரை இப்பள்ளியை மூடக் கூடாது. உதவிக்குப் பக்கத்து ஊர் வேதாசலத்தை இங்கே தணிகாசலத்துக்குக் கீழே மாற்றவும்."

தணிகாசலம் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

பொன்னுரங்கம் ஒரு காந்தத் துணுக்கை அவர் கன்னத்தருகே கொண்டுபோய்க் கவனமாகப் பார்த்தார்.

"ஒட்டலை சார். வலதறையில போய் அழுங்க."