புதன்கிழமைகளில் நின்றுபோன பெட்டி

குணாளன் பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்து மூன்றாவது வயதில் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள சபீனாவிடம் வந்தார். சபீனாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டிகளுக்குச் சின்னச் சின்ன லினக்ஸ் கணினிகளைப் பொருத்துவது சபீனாவின் வேலை. உள்ளங்கை அளவுதான் இருக்கும்; இருவரும் அதைப் 'பெட்டி' என்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிர்நிலையை அளந்து, தனக்குள் எழுதிவைத்து, வைஃபை வழியாக மாவட்ட அலுவலகத்துக்கும் பொருத்தியவரின் செல்போனுக்கும் அனுப்பும். எட்டு மாதம் கற்றபின், செம்மேட்டுப்பட்டியில் ஒன்றைக் குணாளன் தனியாகவே பொருத்தினார்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் சபீனாவின் பட்டறைக்கு வந்து நின்றார். உட்காரவில்லை.

"மேடம், செம்மேட்டுப்பட்டிப் பெட்டி நேத்தும் நின்னுபோச்சு."

"நேத்தும்னா?"

"ஒவ்வொரு புதன்கிழமையும் பத்து மணிக்கு நிக்கும். சாயந்தரம் தானா வரும். புதன்கிழமைதான் அங்கே தடுப்பூசி நாள்."

"என்ன காரணம்னு நினைச்சீங்க?"

அவர் சொல்லத் தயங்கினார்.

"அங்கே இருக்கிற நர்ஸ் பிலோமினா அணைச்சிடறாங்கன்னு நினைச்சேன். தடுப்பூசி நாள்ல குளிர்ப்பெட்டியை அடிக்கடி திறக்கணும். சூடு ஏறும். அது வெளியே தெரியக் கூடாதுன்னு நம்ம பெட்டியோட சுவிட்சை அணைக்கிறாங்கன்னு."

"வைஃபையைப் பாத்தீங்களா?"

"போன் பண்ணி விசாரிச்சேன். அந்த நேரத்துல அவங்க செல்போன்ல அதே வைஃபை நல்லா வேலை செஞ்சது. அப்போ கோளாறு வைஃபையில இல்லையே. அதனால மாவட்ட அலுவலகத்துக்கு ரிப்போர்ட் எழுதிட்டேன்."

"என்னன்னு எழுதினீங்க?"

"ஊழியர் வேண்டுமென்றே கருவியை அணைக்கிறார்னு."

சபீனா கையிலிருந்த திருப்புளியை மேஜைமேல் வைத்தார்.

அந்த அறிக்கை போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததையும் குணாளன் சொன்னார். எவ்வளவு குளிரில் இருந்தது என்று தெரியாத மருந்தைப் போடக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, இரண்டு அட்டைப்பெட்டி தடுப்பூசியை அழித்துவிட்டார்கள். வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நர்ஸம்மா மருந்தைக் கெடுத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. பிலோமினாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. நேற்று விசாரணைக்கு அவரை மாவட்ட அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அப்போ நேத்து அவங்க அங்கே இல்லை."

"இல்லை மேடம்."

"பெட்டி நின்னுச்சு."

"சரியா பத்து மணிக்கு."

சபீனா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "அடுத்த புதன் நாம போவோம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். செம்மேட்டுப்பட்டியில் அன்றைக்கு வாரச் சந்தை. சுகாதார நிலையத்தின் வாசலை ஒட்டியே கடைகள் விரித்திருந்தார்கள். தக்காளிக் கூடைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

பிலோமினா ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். குணாளனைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்திவிட்டு, "வாங்க சார். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க" என்றார்.

பெஞ்சில் நான்கு தாய்மார்கள்தான் இருந்தார்கள்.

"கூட்டம் இவ்வளவுதானா?" என்று சபீனா கேட்டார்.

"முன்னெல்லாம் முப்பது, முப்பத்தஞ்சு பேர் வருவாங்க. இப்போ பஸ் ஏறி டவுனுக்குப் போயிடறாங்க." அதை பிலோமினா குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

குணாளன் நாற்காலியில் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி பத்தானது. குணாளனின் செல்போனில் செம்மேட்டுப்பட்டி சிவப்பாக மாறியது. பெட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் பெட்டி அவர் கண்ணெதிரே சுவரில் இருந்தது. அதன் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.

"எப்பவும் இப்படித்தான் மினுக்குமா?" என்று சபீனா கேட்டார்.

"எப்பவும்தான்" என்றார் பிலோமினா. "புதன்கிழமை நின்னுபோகுதுன்னு சொல்றாங்க. நான் பார்த்தவரைக்கும் விளக்கு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. விசாரணையிலயும் சொன்னேன்."

சபீனா பையிலிருந்து சின்னத் திரையையும் கீபோர்டையும் எடுத்துப் பெட்டியில் செருகினார். கீபோர்டைக் குணாளனிடம் நீட்டினார்.

"எத்தனை நாளா அணையாம ஓடுதுன்னு கேளுங்க சார்."

அதற்கு ஒரே ஒரு சொல்லைத் தட்டினால் போதும். முதல் வாரமே சபீனா சொல்லித்தந்த சொல். குணாளன் அதைத் தட்டினார்.

அறுபத்தெட்டு நாள் என்று வந்தது.

அறுபத்தெட்டு நாளுக்கு முன்னால்தான் அவர் அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டி, தன் விரலால் சுவிட்சைப் போட்டார். அதற்குப் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை.

பின்னால் ஒரு குழந்தை ஊசிக்கு அழுதது. அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அது தனக்குள்ள எழுதிவச்சதைத் திறங்க" என்றார் சபீனா.

திறந்தார். அனுப்ப முடியாமல் போன எல்லாப் புதன்கிழமையும் அதில் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, விடாமல். ஒருநாள்கூடச் சூடு ஏறவில்லை. அழிக்கப்பட்ட மருந்து நல்ல மருந்து.

"இப்போ சுத்தி என்னென்ன வைஃபை கேக்குதுன்னு பாருங்க."

பெட்டிக்குச் சந்தைக் கடைக்காரர்களின் செல்போன்கள் தெரிந்தன. பன்னிரண்டு, பதின்மூன்று பேர் தங்கள் போனையே வைஃபையாக்கி வைத்திருந்தார்கள். இதே அறையில், மூன்றடி தள்ளி இருந்த, நிலையத்துக்கு வைஃபை தரும் ரவுட்டர் மட்டும் தெரியவில்லை.

சபீனா தன் செல்போனை எடுத்துக் காட்டினார். அதில் அந்த ரவுட்டர் தெரிந்தது. பதின்மூன்றாவது சேனலில், அதாவது அலைவரிசையில் இருந்தது.

"சந்தை நாள்ல பத்து மணிக்கெல்லாம் இத்தனை போனும் சேர்ந்து அலைவரிசையில நெரிசல் அதிகம். ரவுட்டர் காலியா இருக்கிற சேனலைத் தேடித் தானே மாறிக்குது. சந்தை கலைஞ்சதும் திரும்பி வந்துடுது. எல்லா போனுக்கும் அது கேக்குது. நம்ம பெட்டிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

குணாளனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அமைப்புக் கோப்பைத் திறந்தார். இரண்டாவது வரியில் எந்த நாடு என்று குறித்திருக்கும். அமெரிக்கா என்று இருந்தது. பெட்டியை அமைத்த அன்றைக்கு ஏதோ ஒரு இணையப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார். அந்த நாட்டில் பதின்மூன்றாவது சேனல் புழக்கத்தில் இல்லை. அதனால் பெட்டி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நாட்டைக் குறிக்கும் அந்த இரண்டு எழுத்தை இந்தியா என்று மாற்றினார். அரை நிமிடத்தில் செம்மேட்டுப்பட்டி பச்சையானது.

சபீனா வயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு, கை கழுவ பிலோமினா கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். குணாளன் கொஞ்சம் பொறுத்து அவர் பின்னாலேயே போனார். அங்கே வேறு யாரும் இல்லை.

"தப்பு என்மேலதான். நீங்க அணைக்கல. நான்தான் பெட்டியைத் தப்பா அமைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

பிலோமினா குழாயை மூடினார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எனக்குப் போன் பண்ணீங்களே சார், வைஃபை வருதான்னு."

"ஆமா."

"அப்பவே பெட்டியில விளக்கு எரியுதான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பதிவேட்டை எழுத உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து நிறுத்தம் கடந்தபின் குணாளன் பேசினார்.

"அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன் மேடம்."

"பார்த்தேன். பின்பக்கம் போனீங்க."

"எப்படியோ கேட்டாச்சு. கொஞ்சம் பாரம் இறங்கின மாதிரி இருக்கு."

"உங்க ரிப்போர்ட்டை எத்தனை பேர் படிச்சாங்க?"

"ஏழு பேருக்கு அனுப்பினேன்."

சபீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணாளன் செல்போனை எடுத்தார். பஸ் குலுங்கியது. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஏழு பெயரையும் மேலே போட்டார். கடைசியில் போனைச் சபீனாவிடம் நீட்டினார்.

சபீனா மெல்லிய குரலில் வாசித்தார். "செம்மேட்டுப்பட்டிக் கருவியில் ஏற்பட்டிருந்த தொழில்நுட்பக் கோளாறு இன்று சரிசெய்யப்பட்டது."

போனைத் திருப்பித் தந்தார்.

"கோளாறு அதுவா வந்து ஏற்பட்டுச்சா, சார்?"

குணாளன் அதை அழித்தார். கருவியைத் தவறாக அமைத்தது நான் என்று எழுதினார். அது ஒருநாளும் அணைக்கப்படவில்லை, மருந்து கெடவில்லை, அதற்கான பதிவை இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று எழுதினார். நர்ஸ் பிலோமினாவைப் பற்றி நான் எழுதியது பொய், பார்க்காமலே எழுதினேன் என்று எழுதினார். 'பொய்' என்ற சொல்லை ஒருமுறை எடுத்துவிட்டுப் 'பிழை' என்று போட்டார். மறுபடியும் 'பொய்' என்று மாற்றினார்.

அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே விரல் நின்றது.

"மேடம்."

"சொல்லுங்க."

"இது போச்சுன்னா, இனிமே நான் எதைத் தொட்டாலும் சந்தேகமாப் பார்ப்பாங்க. இந்த வேலையில என்னை யாரும் நம்ப மாட்டாங்க."

"ஆமா சார். மாட்டாங்க."

"அதுக்கப்புறம் நான் எப்படி வேலை செய்யறது?"

"அதை நர்ஸம்மாகிட்டதான் கேக்கணும்" என்றார் சபீனா. "அஞ்சாறு வாரமா அப்படித்தான் ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க."