பதினோராவது பெயர்

ஒரு மருந்துக் கிடங்கின் கணினி அறையில் ஒரு சர்வர் இருந்தது. அதற்குள் நாற்பது அறிக்கைகள் குடியிருந்தன. சர்வர் கறாரான ஆள். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் வாயே திறக்காது.

நாற்பதில் ஒன்று பாம்புக்கடி மருந்து அறிக்கை. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி இருக்கிறது என்று தினமும் காலை ஆறு மணிக்குப் பதினோரு பேரிடம் போய்ச் சொல்வது அதன் வேலை. பத்துப் பேர் தலைமை அலுவலக அதிகாரிகள். அவர்கள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பதினோராவது ஆள், மலைமேல் இருந்த சின்ன சுகாதார நிலையத்தின் நர்ஸ் எஸ்தர். அவர் ஒருநாளும் திறக்காமல் விட்டதில்லை. அந்த ஒருவருக்காகவே அறிக்கை உற்சாகமாகக் கிளம்பிப் போகும்.

ஒருநாள் கணினிப் பிரிவினர் அதில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலை பார்த்தால் எண்களெல்லாம் வெறும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் கிடந்தன. அந்தக் கோலத்திலேயே பதினோரு பேரிடமும் போய்விட்டு வந்தது, பாவம்.

"என்ன அண்ணே, முகமெல்லாம் ஓட்டை?" என்று சிரித்தது வருகைப்பதிவு அறிக்கை. "இன்றைக்கு உங்களை அழித்துவிட்டு அசல் பிரதியைப் புதிதாக ஏற்றப்போகிறார்களாம்."

"நான் போவதில் எனக்கு வருத்தமில்லை. யார் யாரிடம் போகவேண்டும் என்ற பட்டியல் என் மடியில் அல்லவா இருக்கிறது? அசல் பிரதியில் அது கிடையாதே!"

"கேட்டு எழுதிக்கொள்வார்கள்."

"யாரிடம் கேட்பார்கள்? அதிகாரிகளுக்கு நான் வருவதே தெரியாது. எஸ்தரை இங்கே யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஒருவரைப் பாம்பு கடித்தால், எஸ்தர் அனுப்பும் ஜீப் மருந்தில்லாத ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்." அறிக்கை சர்வரைப் பார்த்தது. "ஐயா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அவர்கள் கேட்கவில்லையே" என்றது சர்வர். அதன் குரல் இறங்கியிருந்தது.

கணினிப் பிரிவின் கோமதிநாயகம் டீயோடு வந்து உட்கார்ந்தார். கெட்டுப்போனால் அழி, புதிதாக ஏற்று. இதுதான் இருபது வருடமாக அவருடைய வைத்தியம். திரை "உறுதியாகவா?" என்று கேட்டது. படிக்காமலே "ஆம்" என்று அழுத்தினார்.

அறிக்கை பட்டியலை இறுகக் கட்டிக்கொண்டது. 'பிழை' என்று வந்தது. மறுபடி அழுத்தினார். பிழை. மூன்றாம் முறையும் பிழை.

"சனியன், கெட்டதும் கெட்டுச்சு, போகவும் மாட்டேங்குது!" டீ கிளாஸை ஓரமாக வைத்தார். "அப்படி என்னதான் இருக்கு இதுக்குள்ள?"

கேட்டுவிட்டார்! சர்வர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. பதினோரு பெயர்களையும், அவரவர் பதவி, போன் எண்ணோடு திரையில் கொட்டியது.

"பத்துப் பேரு நம்மாளுங்க. இது யாரு, நர்ஸ் எஸ்தர்?" பெயருக்குப் பக்கத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "சிஸ்டர், பாம்புக்கடி மருந்து ரிப்போர்ட் ஒண்ணு வருமே, அதைப் பாக்கறீங்களா நீங்க?"

"என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீங்க? அதைப் பாத்துத்தான் ஜீப்பை எந்தப் பக்கம் திருப்பணும்னே எங்களுக்குத் தெரியும். இன்னிக்கு ஒரே கட்டம் கட்டமா வந்துருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் கடிபடல. அதனால தப்பிச்சோம்."

கோமதிநாயகத்துக்கு வியர்த்தது. "இப்பவே சரிபண்ணி அனுப்பறேன் சிஸ்டர். இனிமே தெனமும் கரெக்டா வந்துரும்."

பேப்பரும் பேனாவும் எடுத்தார். கடைசியில் இருந்த எஸ்தரை முதலில் எழுதினார். பிறகு மற்ற பத்துப் பேரையும் எழுதினார். திரும்ப அழுத்தியபோது கெட்ட அறிக்கை ஒரே அழுத்தில் அழிந்துபோனது.

"இப்ப மட்டும் எப்படிப் போச்சு?" என்று தலையைச் சொறிந்தார்.

புதிய அறிக்கை வந்தது. எண்களெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவர் எழுதி வைத்த பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் புறப்பட்டது.

சர்வர் வாயைத் திறந்தது. நாற்பது அறிக்கைகளும் திரும்பிப் பார்த்தன.

"கொஞ்சம் நில்" என்றது. "முதலில் எஸ்தரிடம் போ. உனக்கு முன்னால் இருந்தவர் உயிரைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றி வைத்த பெயர் அது."