மூன்றாவது முறையும் வரவில்லை

தாசில்தார் சிவசுப்புவுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஓய்வு பெறுவதற்குள் டாக்டர் பட்டம் வாங்கிவிடும் ஆசையில் பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாகத் துறையில் சேர்ந்திருந்தார். அவருடைய ஆசிரியை ஜெசிந்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஒரு நாள் எரிச்சலோடு வந்து நின்றார் சிவசுப்பு.

"குறைதீர் நாளுக்கு விடிஞ்சதும் வந்து டோக்கன் வாங்குறாங்க மேடம். மத்தியானம் பேரைக் கூப்பிட்டா ஆளைக் காணோம். அத்தனையும் பொம்பளைங்க. நிர்வாகம் ஆண் பெண்ணுன்னு பாக்குறதில்ல, இவங்களுக்குத்தான் பொறுப்பில்ல. இதை எந்தக் கோட்பாட்டுல சேர்க்க?"

அவர் படித்த நிர்வாகத்துக்கு வயிறும் கிடையாது, மூத்திரப் பையும் கிடையாது.

"திங்கக்கிழமை வந்து சொல்றேன்" என்றார் ஜெசிந்தா.

குறைதீர் நாளான திங்களன்று காலை ஏழு மணிக்கே தாலுகா அலுவலக வராந்தாவில் குருவம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். செத்துப்போன புருஷனின் நிலத்துக்குத் தன் பேரில் பட்டா கேட்டு அலைகிறவள் குருவம்மாள். ஏற்கெனவே இரண்டு முறை 'வரவில்லை' என்று எழுதியாயிற்று. மூன்றாவது முறை எழுதினால் மனு தள்ளுபடி. நிலத்தை வளைத்துப்போட அவள் கொழுந்தன் அதற்குத்தான் காத்திருந்தான்.

ஒன்றரை மணிக்கு சிவசுப்பு அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். ஆளில்லை. எட்டிப் பார்த்தால் ஆசிரியையும் இல்லை. படித்தவருமா இப்படி? 'வரவில்லை' என்று எழுதி, தள்ளுபடி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். முத்திரை விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் குருவம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க போனீங்க மேடம்?"

"பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்கு."

"இங்கயே இருக்கே!"

"பூட்டியிருக்கு. ஆம்பளைங்களுக்குப் பின்பக்கச் சுவர் போதும். சாவி உங்க மேஜை டிராயர்ல இருக்காம். இத்தனை பேர் நடுவுல வந்து கையை நீட்டச் சொல்றீங்களா?"

பூட்டச் சொன்னதே அவர்தான். ஜனங்கள் அசிங்கம் பண்ணுகிறார்கள் என்று பூட்டி, சுத்தமான அலுவலகம் என்று பாராட்டுச் சான்றிதழும் வாங்கியிருந்தார்.

"மனுவை மறுபடி எடுத்துக்கிறேன் மேடம்."

"இன்னிக்கு நான் கூட இருந்தேன், எடுத்துக்கிறீங்க. போன ரெண்டு தடவை?"

சிவசுப்பு மனுவைப் புரட்டி, பழைய இரண்டு 'வரவில்லை'யையும் பார்த்தார். ஜெசிந்தா அவர் மேஜையைக் காட்டினார்.

"எந்தக் கோட்பாடுன்னு கேட்டீங்களே. மேஜை டிராயரைத் திறங்க சார். உள்ளதான் கிடக்கு."