பூவாணி அரண்மனையின் காலை வணக்கம்

பூவாணி ராஜா ரணதீரருக்கு மூக்குக்கு மேல் கோபம். வராதா பின்னே? காலையில் வந்த வெள்ளைக்காரக் கலெக்டரை வாசலில் கைகுலுக்கி வரவேற்ற இளவரசர், "குட் நைட்" என்றுவிட்டார். கூட வந்த அவர் மனைவி துரைசானி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மறுநாள் சபையில் இளவரசரின் இங்கிலீஷ் வாத்தியார் மாசிலாமணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஓய், இதைத்தான் சொல்லிக்கொடுத்தீரோ?"

"இல்லை மகாராஜா. காலையில் குட் மார்னிங் என்றுதான் தொண்டை வறளச் சொல்லித்தருகிறேன். பாட அறையில் சரியாகச் சொல்கிறார். வெளியே போனதும் பழைய குருடி கதவைத் திறடிதான்."

"என் வம்சத்தில் இல்லாத தப்பு என் பிள்ளைக்கு எப்படி வரும்? நாளைக் காலை இவரைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுங்கள்."

சபையே விட்டத்தைப் பார்த்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். பல வருஷம் முன்பு, முதன்முதலாக வந்த ஒரு துரைக்கு விடியற்காலையில் "குட் நைட்" சொன்னவரே ராஜாதான். ராஜா சொன்னது தப்பாகலாமா? உடனே திவானும் அப்படியே சொன்னார். பிறகு சிப்பாய்கள், சமையல்காரர், தாதிகள். அதுவே அரண்மனையின் காலை வணக்கமாகிவிட்டது. இளவரசர் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தது அது. ராஜாவோ சௌகரியமாக மறந்துவிட்டார்.

"கழுதைக்கு நான் பொறுப்பு, மகாராஜா" என்று எழுந்தார் அரண்மனை விகடகவி சொக்கப்பர்.

வெளியே வந்ததும் வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் நிற்கிறாள். அப்பன் கழுதைமேல் போனால் அவளை யார் கட்டுவான்?"

"நீர் போய் நிம்மதியாகத் தூங்கும்" என்றார் சொக்கப்பர்.

காலையில் ராஜா உப்பரிகைக்கு வந்தால், முற்றம் முழுக்கக் கழுதைகள். ஊரிலுள்ள சலவைக்காரர் வீட்டுக் கழுதை ஒன்று பாக்கியில்லை. ஒன்றின்மேல் திவான், கால் தரையில் இழுபட உட்கார்ந்திருந்தார். இன்னொன்றின்மேல் கரண்டியோடு சமையல்காரர்.

"சொக்கப்பரே, ஒரு கழுதைதானே கேட்டேன்?"

"விசாரித்தேன் மகாராஜா. இளவரசர் காதில் தினமும் அந்தத் தப்பைப் போட்டவர்கள் இவர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகலாமா? அதனால் ஆளுக்கொரு கழுதை."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சரி, எல்லாவற்றுக்கும் முன்னால் அம்பாரியோடு பட்டத்து யானை நிற்கிறதே, அது யாருக்கு?"

சொக்கப்பர் கைகட்டி நின்றார். "இவர்கள் எல்லாம் கேட்டுப் படித்தவர்கள். முதலில் சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே. அவரைக் கழுதைமேல் ஏற்ற அடியேனுக்கு மனசு வரவில்லை."

ராஜாவுக்கு அந்தப் பழைய விடியற்காலை சட்டென்று ஞாபகம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொக்கப்பருக்கு முத்துமாலை கிடைத்தது. வாத்தியாருக்குச் சால்வை போர்த்தி, பெண்ணின் கல்யாணச் செலவையும் ஏற்றுக்கொண்டார். அப்புறம் பாட அறையில் இளவரசர் பக்கத்தில் இன்னொரு மணை போடச் சொன்னார், தமக்குத்தான்.