அத்தோ கடையில் ஓர் ஆள் இடம்

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

குரு ஜெஸிந்தா, ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். சீடர் கோதண்டபாணி, அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, ஆசை ஆசையாகப் பென்சில் பிடித்தவர். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை சார் என்பார்.

நகரத்துத் தெருச் சாப்பாடு பற்றி ஜெஸிந்தா ஒரு படப் புத்தகம் செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு பக்கத்தைச் சீடருக்குக் கொடுத்திருந்தார். பாரிமுனைப் பக்கத்துச் சந்தில் இருசப்பனின் அத்தோ வண்டி, கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸ். வரும் சனிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. தன் படம் புத்தகத்தில் வருகிறது என்று கோதண்டபாணி சம்பந்தி வீடு வரை சொல்லியாகிவிட்டது.

புதன்கிழமை படத்தைக் கொண்டுவந்து விரித்தார். தள்ளுவண்டியின் ஆணிகூட அதனதன் இடத்தில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் மட்டும் தட்டை நெஞ்சோடு அணைத்து, வாயை மூடி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு சார்."

அவர் என்ன செய்வார்? நோட்டைத் திறந்தாலே போதுமாம். இருசப்பன் நூடுல்ஸில் பிசைந்த கையை உருவித் துடைத்து, தலை வாரிக்கொள்வானாம். மீசைக்காரர் ஒருவர், வெங்காயம் ஒட்டியிருக்கிறதா பாருப்பா என்று பக்கத்து ஆளிடம் மீசையைக் காட்டுவாராம். அங்கே சாப்பிட வரும் பூக்காரம்மா ஒருவர், இந்தப் பக்கம் ரெட்டைத் தாடை தெரியும், அந்தப் பக்கமா வந்து போடு என்பாராம். சரி, மறைந்து வரைவோம் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அங்கே நின்றிருந்த ஆட்டோவுக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். யாரோ ஆபீசர் வந்து குறிப்பெடுக்கிறார் என்று பேச்சு கிளம்பி, பாதித் தட்டை வைத்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது.

இருசப்பன் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். இனிமேல் இந்தப் பக்கம் வராதீங்க சார், பொழப்பு போவுது என்று.

அதைச் சொல்லும்போது கோதண்டபாணியின் குரல் இறங்கிவிட்டது.

"யார் கண்ணுலயும் படாம வரையறது எப்படி டீச்சர்?"

ஜெஸிந்தா செருப்பை மாட்டினார். "வாங்க, பசிக்குது."

வண்டியருகே கோதண்டபாணியைக் கண்டதும் இருசப்பன் முகம் சுருங்கியது. ஜெஸிந்தா இரண்டு அத்தோ சொன்னார். சாருக்குக் காரம் தூக்கலாக என்றும் சொன்னார். அவருடைய நோட்டுப் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு. இருசப்பன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பிசைய ஆரம்பித்தான். அப்புறம் பார்க்க மறந்துவிட்டான்.

கோதண்டபாணியின் இடது கையில் தட்டு, வலது கை சாப்பாட்டில்.

"ரெண்டு கையும் மாட்டிக்கிச்சே. எப்படி வரையறது?"

ஜெஸிந்தாவின் வாய் நிறைய நூடுல்ஸ். தட்டைக் கண்ணால் காட்டினார்.

அடுத்த வாயில் மிளகாய் ஏறியது. சாருக்கு மூக்கு ஒழுகியது, கண் நிரம்பியது. துடைக்கக் கை இல்லை.

"அண்ணாந்து வாயைத் தொற சார்" என்று பூக்காரம்மா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தார்.

அன்று என்னைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்தாயே, இன்று நீ அழாமல் நில்லு பார்ப்போம் என்றார் மீசைக்காரர். அவர் மீசையில் வெங்காயம். பூக்காரம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். இருசப்பனும் சிரித்துவிட்டான். வாழைத்தண்டு சூப்பைக் கேட்காமலே நீட்டினான்.

"குடி சார், காரம் எறங்கும்."

சனிக்கிழமை காலை கோதண்டபாணி ஒரே ஒரு படத்துடன் வந்தார். வீட்டில் உட்கார்ந்து வரைந்தது. வண்டிச் சக்கரம் கோணல். ஆணி ஒன்றுகூட இல்லை. இருசப்பனின் கை மணிக்கட்டு வரை நூடுல்ஸில் புதைந்திருந்தது. மீசையில் வெங்காயம் இருந்தது. பூக்காரம்மாவின் ரெட்டைத் தாடை சிரித்தது.

ஜெஸிந்தா படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். நாக்கில் எச்சில் ஊறியது.

"ஒரு குறை இருக்கு டீச்சர்" என்று கோதண்டபாணி விரலை வைத்தார். வண்டியைச் சுற்றி நின்ற வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்குக் காலி இடம். பூக்காரம்மாவின் பாட்டில் அந்த வெறும் இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"அங்க நான் நின்னேன். எல்லாரையும் பார்த்தேன், என்னைப் பார்க்கலை. அதான் வரைய வரலை. ஒரு விளக்குக் கம்பம் போட்டு அடைச்சிடட்டுமா?"

ஜெஸிந்தா அவர் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வேணாம் சார். புத்தகத்தைத் தொறக்கறவங்க எங்க நின்னு சாப்பிடுவாங்க?"